அம்மாவின் நாலு விரற்கடைக் கத்தி

ஏரியிலிருந்து கரையேறி வரும்போது அம்மாவின் விரல் நுனிகள் ஊறிய கொண்டைக்கடலைத் தோலைப்போல வெளுத்துச் சுருங்கியிருக்கும். அந்தக் கையில் கழிமுகச் சேற்றின் வாடையும் பச்சை இறாலின் வாடையும் சேர்ந்து அடிக்கும். அவள் என் கன்னத்தைத் தொட்டால் ஜில்லென்று உடம்பு சிலிர்த்து நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். "இன்னாடி, அம்மா கை நாறுதா? இந்தக் கைதான் சோறு போடுது" என்று சொல்லிவிட்டு, வேண்டுமென்றே இன்னொரு கன்னத்தையும் தொட்டுவிட்டுப் போவாள். நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறுகிற அந்தக் கைக்குப் பொருந்துகிற அளவில் ஒரு மடக்குக் கத்தியைத் தேடிக் கண்டுபிடிக்க அம்மாவுக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் பிடித்தது. அந்த ஒரு வருஷத்தையும், அதற்குப் பிறகு அந்தக் கத்தியால் நடந்ததையும், கத்தி இல்லாததால் நடந்ததையும்தான் இங்கே எழுதப் போகிறேன்.

எங்கள் குப்பம் பழவேற்காட்டுக்குத் தெற்கே, ஒரு பக்கம் ஏரியும் இன்னொரு பக்கம் சவுக்குத் தோப்பும் கடலுமாக, நடுவில் நீட்டிப் படுத்த மணல் மேட்டில் இருக்கிறது. ஆண்கள் படகில் வலை கொண்டு போவார்கள். எங்கள் தெருவில் அம்மாவைப் போன்ற சில பெண்கள் வலையும் இல்லாமல் படகும் இல்லாமல், இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் குந்தி, சேற்றைக் கையாலேயே தடவி இறால் பிடிப்பார்கள். பனையோலையில் முடைந்த "பறி" என்கிற சின்னக் கூடையின் கயிற்றைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவி, அகப்பட்ட இறாலைப் பறிக்குள் போட்டபடியே தவழ்ந்து போக வேண்டும். வாயில் பறி இருப்பதால் தண்ணீரில் யாரும் பேச முடியாது. அதனால்தானோ என்னவோ, கரைக்கு வந்ததும் இரண்டு மடங்கு பேசுவார்கள்.

அம்மாவுக்குத் தண்ணீரில் எப்போதும் ஒரே கூட்டாளி, ரூபி சின்னம்மா. சின்னம்மா என்று நான் கூப்பிட்டாலும் அவள் எங்களுக்கு உறவுமுறை எதுவும் இல்லை, எதிர்வீட்டுக்காரி. நாங்கள் அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள், அவள் வேதக்காரி, ஏசுவைக் கும்பிடுகிறவள். ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குப் போய்விடுவதால் அன்றைக்கு அம்மாவும் தண்ணீரில் இறங்க மாட்டாள், துணையில்லாமல் போவது அவளுக்குப் பிடிக்காது. "சாமி கும்புடறது அவ, லீவு எனக்கு" என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள்.

நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு மத்தியானம், அம்மா இடது மணிக்கட்டில் ரத்தம் சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்தாள். யாரோ கிழிந்துபோனதென்று ஏரியிலேயே விட்டெறிந்த நைலான் வலை சேற்றுக்குள் கிடந்திருக்கிறது. அதில் அவள் கை நுழைந்து, இழுக்க இழுக்க இறுகிவிட்டது. சின்னம்மா அன்றைக்குக் காய்ச்சலென்று வந்திருக்கவில்லை. பகல் வேளையில் என்ன பயம் என்று அம்மா முதல் தடவையாகத் தனியாகப் போயிருந்தாள். பக்கத்தில் தட்டுப்பட்ட ஒரு ஆளிச் சிப்பியின் ஓரத்தை வைத்து, வலையின் நைலான் நரம்புகளை ஒவ்வொன்றாக அறுத்து அறுத்து, சூரியன் உச்சிக்கு வருகிற வரைக்கும் போராடிக் கையை விடுவித்திருக்கிறாள். நைனா மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டிருக்கும்போது அம்மா ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்.

"எனக்கு ஒரு கத்தி வேணும்யா."

எங்கள் வீட்டில் கத்திக்குக் குறைவில்லை. மீன் கழுவ அருவாமனை இருந்தது, ஓலை வெட்ட கொடுவாள் இருந்தது, நைனாவின் இடுப்பில் அவருடைய "சூரி" இருந்தது. ஆனால் ஒரு பெண்பிள்ளை தன் உடம்போடு ஒரு கத்தியை எந்நேரமும் வைத்துக்கொள்வது என்பது எங்கள் தெருவில் அதுவரை யாருக்கும் தோன்றாத ஒன்று. நைனா சிரித்துவிட்டார். "கத்தி வெச்சினு சுத்தறதுக்கு நீ இன்னா ரவுடியா?" என்றார். அம்மா மஞ்சள் பூசிய மணிக்கட்டை அவர் மூக்குக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள். நைனாவின் சிரிப்பு நின்றுவிட்டது. இடுப்பிலிருந்து சூரியை உருவி அம்மாவின் மடியில் வைத்தார்.

அந்தச் சூரி எருமைக்கொம்பில் பிடி போட்டது. மடக்கி வைத்தாலே ஒரு சாண் இருக்கும். திறந்தால் என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் வரும். படகில் நின்றுகொண்டு தடிக்கயிறு அறுக்கிற ஆம்பிளைக்கு அது சரி. அம்மா அதை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீரில் குந்தியபோதெல்லாம் அது அடிவயிற்றில் குத்தியது. குத்துகிறதே என்று பின்பக்கம் செருகினால் குனியும்போது மேலே ஏறிக்கொண்டு வந்தது. ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது சேலைக்குள் புடைத்துக்கொண்டு தெரிந்ததில், நாலு பேர் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கியே நின்றார்களாம். "சக்கர சீக்கிரம் கெடச்சிச்சி, அதுக்கு மட்டும் அந்தக் கத்தி தேவலாம்" என்று அம்மா வந்து சொன்னாள். நாலாம் நாள் அது இடுப்பிலிருந்து நழுவி ஏரிக்குள் போய்விட்டது. எப்போது போனதென்றே அவளுக்குத் தெரியவில்லை.

நைனாவுக்கு அது அவருடைய நைனா கொடுத்த கத்தி. மூன்று நாள் அந்த இடத்திலேயே காலால் துழாவித் தேடினார். கிடைக்கவில்லை. கோபித்துக்கொள்வார் என்று நானும் அம்மாவும் பயந்துகொண்டிருந்தோம். மூன்றாம் நாள் கரையேறி வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே, "உட்டுத் தள்ளு. இந்நேரம் எறாலுங்க எல்லாம் அத வெச்சி மீச செரச்சினு கீதுங்க" என்றார். நானும் அம்மாவும் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டிலிருந்து சின்னம்மா என்ன ஏது என்று ஓடிவந்தாள்.

அடுத்தபடியாக அம்மாவின் கண் என்னுடைய பென்சில் கத்தியின் மேல் விழுந்தது. திருப்பாலைவனம் கோயில் திருவிழாவில் வாங்கியது. சிவப்பு பிளாஸ்டிக்கில் மீன் மாதிரிப் பிடி, மீனின் வயிற்றுக்குள் மடங்கிக்கொள்ளும் இரண்டு விரற்கடை அலகு. பெரியதால் வந்த தொல்லைக்கு இது மாற்றாக இருக்கும் என்று அம்மா நினைத்தாள். இடுப்பில் இருப்பதே தெரியாது, குத்தாது, யாரும் பார்த்து ஒதுங்கவும் மாட்டார்கள். நான் அழுது ஆர்ப்பாட்டம் செய்தும் அதை நூலில் கட்டி எடுத்துக்கொண்டு போனாள். ஆனால் அதைத் திறக்க அலகின் முதுகில் இருக்கிற பள்ளத்தில் நகத்தை வைத்து நெம்ப வேண்டும். தண்ணீரில் ஊறிய நகம் காகிதம்போல மடங்கிப்போனது. பிடியோ விரலுக்கு அகப்படாமல் இறாலைப்போலவே வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒரு வாரத்தில் உப்புத்தண்ணீர் ஏறி அலகு செக்கச்செவேலென்று துருப்பிடித்து உள்ளேயே ஒட்டிக்கொண்டது. "ஒம் மீனு வாயத் தொறக்க மாட்டேங்குதுடி" என்று அம்மா அதைத் திருப்பிக் கொடுத்தாள். நான் இன்னொரு முறை அழுதேன்.

இதற்கெல்லாம் பிறகுதான் அம்மா உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். கத்தி வாங்குகிறவர்கள் கத்தியின் அளவைப் பார்ப்பார்கள், அவளோ தன் கையின் அளவைப் பார்த்தாள். அவள் தன்னுடைய கையை விரித்தும் மூடியும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாலு விரல்களைச் சேர்த்து அடுக்களைச் சுவரில் வைத்து, கரித்துண்டால் இரண்டு பக்கமும் கோடு கிழித்தாள். "மடக்கினா இவ்ளோதான் இருக்கணும். இதுக்கு மேல போனா இடுப்புல குத்தும், கொறஞ்சா கையில நிக்காது" என்றாள். நைனா அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்கு மாப்ள பாக்கறப்போ கூட ஒங்கப்பன் இவ்ளோ அளவு பாக்கலியேம்மே" என்றார். "பாத்திருந்தா நீ இங்க கீறியா?" என்றாள் அம்மா.

பழவேற்காட்டுக் கடைகளிலும் திருவிழாக் கடைகளிலும் மாதக்கணக்கில் தேடியும் அந்த அளவில் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து வந்த சின்னம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு அம்மா பொன்னேரிக்குப் பஸ் ஏறினாள். கடைத்தெருவில் ஒரு இரும்புக் கடை. வெள்ளைத் தாடி வைத்த பாய் ஒருத்தர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். மடக்குக் கத்தி வேண்டும் என்றதும், "காய் நறுக்கவாம்மா, பழம் சீவவா?" என்று கேட்டார்.

"தண்ணிக்குள்ள கயிறு அறுக்கணும் பாய்."

பாய் அம்மாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கண்ணாடிப் பெட்டியிலிருந்து நாலைந்து கத்திகளை எடுத்து வைத்தார். அம்மா ஒன்றையும் தொடவில்லை. "ஒரு சொம்பு தண்ணி குடு பாய்" என்றாள். தாகத்துக்குக் கேட்கிறாள் என்று பாய் கொடுத்த தண்ணீரைத் தன் வலது கையில் மளமளவென்று ஊற்றிக்கொண்டாள். சின்னம்மா கடையில் தொங்கிய நைலான் கயிற்றில் ஒரு முழம் கேட்டு வாங்கி, அம்மாவின் இடது மணிக்கட்டைச் சுற்றி, பாயின் மேசைக்காலில் முடிச்சுப் போட்டாள். அம்மா அந்த மேசைக்குப் பக்கத்தில் ஏரியில் குந்துவதுபோலக் குந்திக்கொண்டு, கண்ணை இறுக மூடினாள். "ஒண்ணொண்ணா கையில குடு ரூபி" என்றாள்.

ஆணி வாங்க வந்தவர், பம்புக்கு வாஷர் வாங்க வந்தவர், காட்டூரிலிருந்து மண்வெட்டி வாங்க வந்த ஒரு குடும்பம், எல்லாரும் தங்கள் வேலையை மறந்து சுற்றி நின்றார்கள். எனக்கோ வெட்கத்தில் பூமிக்குள் போய்விடலாம்போல இருந்தது. முதல் கத்தி வழுக்கி விழுந்தது. இரண்டாவதன் ஸ்பிரிங்கு அவ்வளவு கெட்டி, ஒற்றைக்கையில் அசைக்கவே முடியவில்லை. மூன்றாவது சுலபமாகத் திறந்தது, ஆனால் அதே சுலபத்தோடு விரல்மேல் மடங்கப் பார்த்தது. "இது ஆள வெட்டற கத்தி, கயித்த இல்ல" என்று கண்ணைத் திறக்காமலேயே அம்மா அதைத் தூக்கிப் போட்டாள். பாய்க்கு இப்போது சுவாரஸ்யம் பிடித்துவிட்டது. அவரே பரணில் ஏறி ஒரு தகரப் பெட்டியை இறக்கினார். அதிலிருந்து வந்த ஏழாவது கத்தி, பித்தளைப் பிடி போட்டது. மடக்கினாலும் அலகின் முதுகு பிடிக்கு வெளியே கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்கும். நகமே தேவையில்லை, அதைப் பல்லால் கடித்து இழுத்தாலே திறந்துவிடும். பிடியின் கடைசியில் கயிறு கோக்க ஒரு ஓட்டை. அம்மா பல்லால் கடித்தாள், திறந்தாள், மேசைக்காலில் கட்டியிருந்த கயிற்றை ஒரே இழுப்பில் அறுத்தாள். கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். கண்ணைத் திறந்து அம்மா முதலில் செய்த காரியம், நாலு விரல்களையும் அந்தக் கத்தியின்மேல் வைத்துப் பார்த்ததுதான். மயிரிழை கூடவோ குறையவோ இல்லை.

"இத்தினி வருஷமா கடை வெச்சிருக்கேன், கண்ண மூடிக்கினு கத்தி வாங்கனது நீ ஒருத்திதாம்மா" என்று சொல்லி, பாய் அதன் மூட்டில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் கொடுத்தார்.

அன்றிலிருந்து அந்தக் கத்தி அம்மாவின் இடுப்பில் ஒரு கறுப்புக் கயிற்றில் தொங்கியது. தண்ணீரில் மட்டும் அல்ல, நாள் பூராவும் அதற்கு வேலை இருந்தது. சிமெண்ட் சாக்கின் தையல் பிரிக்க, நுங்கின் கண் திறக்க, என் ரிப்பன் நீளம் குறைக்க, நண்டுக் காலைக் கட்டிய நார் அறுக்க, நைனாவின் காலில் ஏறிய முள்ளை எடுக்க என்று ஒவ்வொன்றுக்கும் "தனம், ஒங் கத்திய குடு" என்று தெருவே கேட்டு வரும். அம்மா கயிற்றை அவிழ்க்காமல், அவளும் கூடவே போய் அறுத்துக் கொடுத்துவிட்டு வருவாள். இரவில் மட்டும் அது அடுக்களைச் சுவர் ஆணியில் தொங்கும். தண்ணீருக்குப் புறப்படும்போது இடுப்பை ஒரு தடவை தட்டிப் பார்த்துக்கொள்வாள். நீயும் ஒன்று வாங்கிக்கொள்ளேன் என்று அவள் சின்னம்மாவிடம் பலமுறை சொல்லிப் பார்த்தாள். "ஒன்னாண்டதான் கீதே. நாம ரெண்டு பேரும் ஒண்ணாத்தான போறோம், ரெண்டு இன்னாத்துக்கு?" என்று சின்னம்மா தட்டிக் கழித்துவிட்டாள்.

நான் ஏழாவது படிக்கும்போது அது நடந்தது. மாங்காய்க் காலம். என் வகுப்புத் தோழி ஒருத்தி பொன்னேரிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கிளிமூக்கு மாங்காய் நாலு கொண்டுவந்தாள். கடிக்க முடியாத அளவுக்குப் பெரியது, அறுக்கக் கத்தி இல்லை. சுவரில் மோதி உடைத்ததில் பாதி மண்ணோடு போனது. மிச்சத்தை நாளைக்குச் சாப்பிடலாம், நான் கத்தி கொண்டுவருகிறேன் என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு ராத்திரி இரண்டு தடவை அம்மா இடுப்பு வலிக்கிறது என்று சொல்லியிருந்தாள். அதனால் அவள் தண்ணீருக்குப் போக மாட்டாள் என்று நானே முடிவுசெய்துகொண்டேன். மறுநாள் காலையில் அவள் குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து, ஆணியில் மாட்டியிருந்த கத்தியைக் கயிற்றோடு எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் எட்டுப் பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான் அம்மாவைப்போலவே அலகைப் பல்லால் கடித்துத் திறந்தேன். மாங்காயைக் கீற்றுக் கீற்றாக அரிந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி ஒவ்வொருத்தி கையிலும் வைத்தேன். அன்றைக்கு அந்தப் பள்ளிக்கூடத்திலேயே பெரிய ஆள் நான்தான் என்று எனக்கு நினைப்பு. அந்த மாங்காயின் புளிப்பு எனக்கு இன்றும் நாக்கில் இருக்கிறது, ஆனால் அதற்குப் பிறகு கிளிமூக்கு மாங்காயை நான் வாயில் வைத்ததில்லை.

ஏறக்குறைய அதே நேரத்தில்தான் ஏரியில் அது நடந்திருக்கிறது. இடுப்பு வலியோடே, ஆணியில் கத்தி இல்லாததைப் பார்த்தும், சின்னம்மா காத்திருப்பாளே என்று அம்மா போயிருந்தாள். வலை கட்ட ஊன்றிய பழைய கழிகள் முறிந்து கிடந்த ஒரு இடத்தில் இறால் நிறைய அகப்படுகிறதென்று இருவரும் அங்கேயே குந்தியிருக்கிறார்கள். சேற்றுக்குள் ஒரு முறிந்த கழியைச் சுற்றிக் கிடந்த நைலான் கயிற்றின் கண்ணிக்குள் சின்னம்மாவின் வலது கை போய், மணிக்கட்டோடு இறுகிவிட்டது. இது வலை நரம்பு அல்ல, விரல் கனத்துக் கயிறு. முகத்துவாரம் வழியாகக் கடல் தண்ணீர் ஏரிக்குள் ஏறிக்கொண்டிருந்த நேரம். கை அடியில் கட்டுண்டு கிடப்பதால் சின்னம்மாவால் நிமிர முடியாது. குனிந்த நிலையிலேயே அவளுக்கு மார்பளவு, பிறகு கழுத்தளவு, பிறகு மோவாய் வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டது.

அம்மா மூழ்கி மூழ்கிக் கயிற்றைப் பல்லால் கடித்திருக்கிறாள். அதில் முன்பல் ஒன்று பாதியாக உடைந்துவிட்டது. சிப்பி எதுவும் அகப்படவில்லை, அந்த இடத்தில் வெறும் சேறு. கடைசியில் சின்னம்மாவின் முதுகுக்குக் கீழே தன் முழங்காலை முட்டுக்கொடுத்து, அவள் தலையைத் தன் தோளில் மல்லாக்கச் சாய்த்து மூக்கைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, பறியை ஒரு கையால் உயர்த்தி ஆட்டி ஆட்டிக் கத்தியிருக்கிறாள். நண்டு வலை எடுத்துக்கொண்டு திரும்பிய தேசப்பன் என்பவர் அதைப் பார்த்துப் படகைத் திருப்பினார். அவர் குதித்துத் தன் கத்தியால் கயிற்றை அறுத்தபோது தண்ணீர் சின்னம்மாவின் உதட்டைத் தொட்டுக்கொண்டிருந்ததாம்.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கரையில் கூட்டமாக இருந்தது. நுழைந்து பார்த்தேன். சின்னம்மா மணலில் படுத்திருந்தாள், வலது கை நீலம் பாரித்து வீங்கியிருந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வாயெல்லாம் ரத்தம். யாரோ கேட்டார்கள்: "ஏம்மே தனம், எப்பப் பாத்தாலும் இடுப்புல தொங்குமே, ஒங் கத்தி எங்கம்மே?"

அம்மா தலையைத் தூக்கினாள். கூட்டத்துக்கு நடுவே என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த பையைப் பார்த்தாள். பிறகு கேட்டவர் பக்கம் திரும்பி, "மறந்துட்டேன். ஆணியிலயே மாட்டி வெச்சிட்டு வந்துட்டேன்" என்றாள்.

நைனா அத்தனை பேருக்கும் முன்னால் அவளைப் பிடித்துக்கொண்டார். "ஒரு வருசம் அந்தக் கத்திக்கு அலஞ்சே. என் கத்திய ஏரியில போட்டே. இப்ப ஆணியில மாட்டி வெச்சிட்டு வந்தேன்னு சொல்றியே, ஒரு உசுரு போயிருந்தா?" என்று கத்தினார். அம்மா தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். நான்தான் எடுத்தேன் என்று நான் சொல்லவில்லை. விறுவிறுவென்று வீட்டுக்கு ஓடி, கத்தியைப் பையிலிருந்து எடுத்து, மாங்காய்ப் பால் காய்ந்திருந்ததைக் கூடத் துடைக்காமல் ஆணியில் மாட்டினேன். அம்மா வந்து அதைப் பார்த்தாள். எடுத்துக் கழுவித் துடைத்து மறுபடியும் மாட்டினாள். அடித்திருந்தால் எவ்வளவோ தேவலை என்று அந்த வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டும், மருந்து கொடுத்தும், சின்னம்மாவின் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காமலேயே நின்றுவிட்டன. மடங்காத விரலால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்க முடியாது. அவள் தண்ணீரில் இறங்குவதை விட்டுவிட்டு, மீன் இறங்குகிற துறையில் உட்கார்ந்து மீன் வாங்கி விற்கத் தொடங்கினாள். அம்மா வேறொரு கூட்டாளியோடு போனாள், ஆனால் கரையேறியதும் நேராகச் சின்னம்மாவிடம்தான் போவாள்.

அந்த மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அம்மா என்னை மட்டும் கூட்டிக்கொண்டு பொன்னேரிக்குப் போனாள். எதற்கென்று எனக்குத் தெரியாது. என்னை எங்காவது விடுதியில் சேர்த்துவிடப் போகிறாள் என்று நான் பயந்துகொண்டே போனேன். அதே இரும்புக் கடை. பாய் அவளைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு, கேட்காமலேயே சொம்பில் தண்ணீர் எடுத்துவந்தார்.

"இவ கைக்கு ஒண்ணு குடு பாய்" என்றாள் அம்மா. பிறகு என்னிடம், "கைய நனச்சிக்கோ. கண்ண மூடு" என்றாள்.

நான் கண்ணை மூடினேன். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்ததைப் பாய் பார்த்தாரா என்று தெரியாது. மூன்று விரற்கடையில் மரப்பிடி போட்ட ஒன்று என் கைக்கு உட்கார்ந்தது. "ஒனக்குன்னு ஒண்ணு இருந்தா எம்பொருள எடுக்க மாட்டே" என்றாள் அம்மா. அந்த விஷயத்தைப் பற்றி அவள் வாழ்நாளில் என்னிடம் பேசியது அந்த ஒரு வாக்கியம் மட்டும்தான். அத்தோடு விடவில்லை. இன்னொரு கத்தியும் கேட்டாள். இந்தத் தடவை வலது கையை முதுகுக்குப் பின்னால் மடித்து வைத்துக்கொண்டு, இடது கையை நனைத்து, கண்ணை மூடி, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். இடது கைக்காரர்களுக்கென்று அப்போதெல்லாம் தனியாகக் கத்தி வராது. பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, பிடி கொஞ்சம் தடிமனாகவும் சொரசொரப்பாகவும் இருந்து, அலகு மெதுவாகத் திறக்கிற ஒன்றை எடுத்தாள். அது சின்னம்மாவுக்கு. துறையில் மீன் செதிலைச் சீவவும் கூடைக் கயிறு அறுக்கவும் சின்னம்மா அதைத்தான் வைத்திருந்தாள்.

நான் இப்போது மீஞ்சூரில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். கை வளர வளரக் கத்தியும் மாறி, அம்மாவின் அளவான நாலு விரற்கடையிலேயே வந்து நின்றிருக்கிறேன். மருந்துப் பெட்டிகளின் ஒட்டுத்தாளைப் பிரிப்பதைத் தவிர அதற்குப் பெரிய வேலை கிடையாது. சென்னைக்கு மெட்ரோவில் போகிற நாட்களில் வாசலில் பையைச் சோதிப்பார்கள் என்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். பாயின் இரும்புக் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். அம்மாவும் சின்னம்மாவும் குந்தியிருந்த இடம் மணல் தூர்ந்து, முழங்கால் நனையாமல் நடந்து போகிற அளவுக்கு மேடாகிவிட்டது. நைனா முதலில் போனார். போன வருஷம் அம்மாவும் போய்விட்டாள்.

அம்மாவின் பதினாறாம் நாள் சடங்கு முடிந்து வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு, சின்னம்மா மட்டும் வீட்டுக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடங்காத அந்த இரண்டு விரல்களும் அவள் மடியில் நீட்டிக்கொண்டிருந்தன. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "சின்னம்மா, அன்னிக்கு அம்மா கத்திய மறக்கல. நான்தான் எடுத்துனு போனேன். மாங்கா அரியறதுக்கு" என்று சொன்னேன்.

சின்னம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இத எங்கிட்ட சொல்றதுக்கு இத்தினி வருசமா?" என்றாள். "எனக்கு அன்னிக்கே தெரியும்டி. தண்ணி இங்க வந்துடுச்சி" என்று இடது கையால் தன் மோவாயைத் தொட்டுக் காட்டினாள். "ஒங்கம்மா என் தலயத் தோள்ல தாங்கினு கீறா. 'ரூபி, பொண்ணு எடுத்துனு பூட்டா. நாம கரையேறிட்டா அவளாண்ட நீ ஒண்ணும் கேக்காத. நான் மறந்துட்டேன்னு சொல்லிக்கிறேன்'னு சொல்றா. சாவப்போறோமேன்னு நான் ஏசுவ கூப்டுனு கீறேன், இவ பொண்ணுக்காவப் பொய் ரெடி பண்ணினு கீறா!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, இடது கையால் என் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.